வேலியில் கட்டிய நீலத் துணி

அக்கா, நேற்றுக் காலையில் பால் கறக்கப் போனவள் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். நம் வேலி நெடுகத் துணி பறந்துகொண்டிருந்தது. ஒரு மூச்சு நேரம்தான், "இந்த அக்கா இன்றைக்கு என்னத்தை எடுத்துக்கொண்டு போனாங்க?" என்று மனம் தேடத் தொடங்கிவிட்டது. பிறகுதான் கண் தெளிந்தது. துணி இல்லை, பிளாஸ்டிக் நாடா. நீலம் இல்லை, சிவப்பு. நிலம் அளக்கிறவர்கள் முளைக்குச்சி அடித்து, குச்சிக்குக் குச்சி நாடா கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் போய் இத்தனை வருசம் ஆன பிறகும் ஒரு நாடாவைப் பார்த்து உங்களைத் தேடுகிறேன் பாருங்கள். இருந்திருந்தால், "வாய் மட்டும்தாண்டி உனக்கு நீளம், கண்ணு கட்டை" என்று சொல்லியிருப்பீர்கள்.

எழுத்து எனக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கு நாலாம் வகுப்போடு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாட்டைப் பிடித்தவள். இந்த மடலில் கொம்பு வரவேண்டிய இடத்தில் வால் வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகன் எழுதித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். அவன் எழுதினால் உங்களைத் 'தாங்கள்' என்பான். யாரைச் சொல்கிறான் என்று நீங்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பீர்கள்.

உலு திராம் சாலையை விட்டு இறங்கி, செம்பனைத் தோட்டத்துக்குள்ளே போய், இனிமேல் போக வழியில்லை என்கிற இடத்தில் நம் லயத்து வீட்டு வரிசை. அதில் கடைசி வீடு உங்களுடையது. அதற்கு முந்தியது என்னுடையது. நடுவில் என் மாட்டுக் கொட்டகையும் ஒரு முள்கம்பி வேலியும். நான் கல்யாணமாகி வந்தபோது நீங்கள் ஏற்கெனவே அங்கே இருந்தீர்கள். விடியும் முன்னே உங்கள் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் உங்களைப் பேருந்தில் ஏற்றிவிடுவார். பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் ஓட்டலில் அறை அறையாகத் துடைத்துப் படுக்கை விரித்துவிட்டுப் பொழுது சாய வருவீர்கள். அந்த நீலச் சீருடை கசங்கி நான் பார்த்ததில்லை.

"ஏங்க்கா, நீங்க ரூம் தொடைக்கப் போறீங்களா, இல்ல கப்பல் ஓட்டப் போறீங்களா?" என்று வந்த புதிதிலேயே கேட்டுவிட்டேன்.

"வாய் இருக்கேன்னு பேசாத. உன் மாடு என் செம்பருத்தியத் தின்னுது. அதக் கேளு மொதல்ல."

சண்டையில் தொடங்கின சிநேகிதம் அது. அதனால்தான் கெட்டியாக இருந்ததோ என்னவோ.

அந்தப் புத்தகம் வந்த நாள் நினைவிருக்கிறதா? யாரோ ஒரு விருந்தாளி ஓட்டல் கட்டிலுக்கு அடியில் விட்டுப் போனது. கேட்டு யாரும் வரவில்லை. உங்கள் சூப்பர்வைசர் நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். ஆங்கிலப் புத்தகம், நிறையப் படம். அட்டையில் ஒரு குதிரைக்காரன் சுருக்குக் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு போகிறான், முன்னால் கொம்பு நீண்ட மாடு ஓடுகிறது. "மாட்டப் பாத்தேன், உன் ஞாபகம் வந்துச்சு" என்றீர்கள். அந்த மாட்டைப் பார்த்தால் என் சாயல் இல்லை, அதை அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்து, கோயில் சேலையை மாற்றிவிட்டு, நான் புல் அறுக்கிற இடத்துக்குப் புத்தகத்தோடு வருவீர்கள். செம்பனை நிழலில் உரச் சாக்கை விரித்து உட்கார்ந்து, ஆங்கிலத்தைக் கண்ணால் பார்த்து வாயால் தமிழாக்கிச் சொல்வீர்கள். மூன்றாம் படிவம் படித்தவர். தெரியாத சொல் வந்தால், "இந்த எடத்துல என்னமோ நடக்குது, நமக்கு வேணாம்" என்று தாண்டிவிடுவீர்கள். அப்படித்தான் நான் கலிபோர்னியாவுக்குப் போனேன். பாஸ்போர்ட்டும் இல்லை, பாலத்தில் வரிசையும் இல்லை.

"அது மெக்சிகோ நாட்டோட வட எல்லைடி. முன்னூறு வருசமா மெக்சிகோவ ஸ்பெயின் ராசாதான் ஆண்டாரு. அப்புறம் மெக்சிகோக்காரங்க சண்ட போட்டு அவர வெரட்டிட்டாங்க. ஆனா எல்லையில இருக்கிறவங்களுக்குச் சேதி போகணும்லா? அது போய்ச் சேர்ற வரைக்கும் அங்க இருந்த சிப்பாய்ங்க, போன ராசாவுக்கே சலாம் போட்டுக்கிட்டு இருந்தாங்க."

"நம்ம கங்காணி மண்டோர் மாதிரி. தோட்டத்த வித்துட்டு வெள்ளக்காரன் கப்பல் ஏறிட்டான். இவரு இன்னும் பழைய துரை பேரச் சொல்லித்தான் நம்மள மெரட்டுறாரு."

"அவங்களுக்குச் சம்பளமும் வரலியாம், பல வருசமா."

"அதுவும் நம்ம மண்டோர் மாதிரிதான்."

நீங்கள் சிரித்தால் புத்தகத்தால் வாயை மூடிக்கொள்வீர்கள். குதிரைக்காரன் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த ஊரில் வேலி கிடையாது என்றீர்கள். மலையும் புல்லும் மாடும்தான். இந்த வீட்டு மாடு அந்த வீட்டு மாட்டோடு கலந்து மேயும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சூட்டுக்குறி. வருசத்துக்கு ஒரு தடவை எல்லா மாட்டையும் ஒன்றாக ஓட்டி வந்து, குறி பார்த்துப் பிரித்து, கன்றுக்குச் சூடு போடுவார்கள். அப்படியே ஆட்டம் பாட்டம் கல்யாணப் பேச்சு எல்லாம் நடக்கும். தங்கும் விடுதி கிடையாது. வழிப்போக்கன் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். சாப்பாடு போட்டுப் படுக்க இடம் கொடுத்து, காலையில் அவன் குதிரை களைத்திருந்தால் வீட்டுக் குதிரையையும் கொடுத்து அனுப்புவார்கள். நிலம் அளப்பதற்கு இரண்டு பேர் குதிரையில் தோல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்களாம். காலைப் பனியில் கயிறு நீளும், வெயில் ஏறினால் சுருங்கும். "அப்ப விடியக் காலையில அளந்தவனுக்குத்தான் யோகம்" என்றேன். "பனியில நனைஞ்ச கயிறு நீளம்டி. நீளக் கயித்துக்கு நெலம் கூட வந்துரும்" என்று நீங்கள் விரலால் காற்றில் அளந்து எனக்கு விளக்கினீர்கள். நேற்று வெயிலேற மறுபடி வந்தவர்களிடம் கயிறு இல்லை அக்கா. மூன்று கால் வைத்த ஒரு கருவி. அதன் கண் வழியாக நம் லயத்தைப் பார்த்தார்கள். பனிக்கும் வெயிலுக்கும் அது அசைந்துகொடுக்கவில்லை.

ஸ்பெயின் ராசா காலத்தில் அந்நியக் கப்பல் கரை தொடக்கூடாது. மெக்சிகோ கைக்கு வந்ததும் துறைமுகம் திறந்தது. அங்கே பணமென்று ஒன்று கண்ணில் படுவது அபூர்வம். மாட்டுத் தோல்தான் பணம். தோலையும் கொழுப்பையும் கொடுத்துத் துணியும் சர்க்கரையும் பீங்கானும் வாங்குவார்கள். தோல் கப்பலேறி வேறு கரைக்குப் போய், செருப்பாகிப் பூட்ஸாகி அடுத்த கப்பலில் திரும்பி வரும்.

"தன் மாட்டுத் தோலத் தானே வெல குடுத்து வாங்கி மாட்டிக்கிட்டாங்கடி, பைத்தியக்காரங்க" என்றீர்கள்.

நான் காலைத் தூக்கிக் காட்டினேன். ரப்பர் சிலிப்பர். நம் இரண்டு பேர் அம்மாமாரும் ரப்பருக்குப் பால்மரம் வெட்டினவர்கள். நீங்கள் உங்கள் காலைப் பார்த்தீர்கள். அதிலும் ரப்பர் சிலிப்பர். அன்றைக்குக் கதை அதோடு நின்றது. சிரித்துச் சிரித்து எனக்குப் புல்லுக்கட்டு அவிழ்ந்துபோயிற்று.

ஒரே ஒரு பக்கத்தில்தான் நீங்கள் சிரிக்கவில்லை. அங்கே கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய பெரிய பெரிய மடங்கள் இருந்தன. மாடு, கோதுமை, திராட்சை எல்லாம் மடத்துடையவை. வேலை செய்ததெல்லாம் அந்த மண்ணிலேயே பிறந்த பழங்குடிகள். விட்டுப் போக நினைத்தால் பிடித்து வந்து சவுக்கால் அடித்திருக்கிறார்கள். அதைப் படித்த ஞாயிறு நீங்கள் கழுத்துச் சிலுவையைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். ஃபாதரிடம் கேட்டதாகவும், அவர் மறைக்காமல், ஆமாம் நடந்தது என்று தலையைக் குனிந்ததாகவும் அடுத்த வாரம் சொன்னீர்கள். மெக்சிகோ அரசாங்கம் வந்து மடத்து நிலத்தைப் பிரித்து, பாதியையாவது உழைத்த சனங்களுக்குக் கொடுப்பதாகச் சொன்னது.

"குடுத்தாங்களா?"

"அளந்தாங்க" என்றீர்கள். புத்தகத்தை மூடினீர்கள். "அளந்துட்டு, ஆள் பலம் உள்ளவனுக்குக் குடுத்துட்டாங்க."

அப்போதே நம் தோட்டத்து முகப்பில் புதுக் கொம்பெனியின் போர்டு ஏறியிருந்தது. வேலை செய்தவர்களுக்கு வீடு தருவோம் என்ற பேச்சும் காற்றில் இருந்தது. நான் வாயைத் திறக்காத ஞாயிறு அது ஒன்றுதான்.

சரி, அழவைக்க எழுதவில்லை. முட்டை ஓட்டுக்கு வருகிறேன். அந்த ஊர் விருந்தில் முட்டையை ஊதிக் காலி செய்து, ஓட்டுக்குள் வாசனைத் தண்ணீரோ பொடிக் காகிதமோ நிரப்பி, பிரியமானவர் தலையில் பின்னால் வந்து உடைப்பார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். என்னிடம் அதைச் சொன்னது உங்கள் தப்பு. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் புதுப் பட்டுச்சேலையில் பூசை முடிந்து வந்து விருந்தாளிகளுக்குப் பலகாரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் பின்னால் வந்தேன்; கம்பத்து நாட்டுக்கோழி முட்டை ஓடு, உள்ளே பன்னீர். தலையில் நடு வகிட்டில் விழுந்தது. உங்கள் வீட்டுக்காரர் கேக்கை விழுங்க முடியாமல் புரையேறிச் சிரித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பன்னி" என்று மட்டும் சொன்னீர்கள். மாதக்கணக்கில் காத்திருந்தீர்கள். என் தீபாவளி அன்று, நான் முறுக்குச் சட்டியை இறக்கிவிட்டு நிமிர்ந்த நேரம் பார்த்து உடைத்தீர்கள். உள்ளே அரிசி மாவு. மாமியார் வீட்டு ஆள்கள் முன்னால் நான் வெள்ளைத் தலையோடு நின்றேன். "பிரியமானவங்களுக்குத்தான் ஒடைக்கணுமாம், புக்ல இருக்கு" என்று காதில் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு உயிர் கொடுத்த பக்கம் வேறு. அதை எந்த நாளில் சொன்னீர்கள் என்று தெரியாது, புல் ஈரமாக இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

"வழியில போறவனுக்குப் பசி. பக்கத்துல வீடு இல்ல, கட இல்ல. கண்ணுக்கு முன்னால யாரோட மாடோ மேயுது. என்னா செய்வான், சொல்லு?"

"திருடுவான்."

"இல்லடி. அடிச்சுத் திம்பான். ஆனா தோல உரிச்சு, குறி வெளிய தெரியிற மாதிரி மரத்துல போட்டுட்டுப் போவான். சொந்தக்காரன் வந்து தோல எடுத்துக்குவான். கறி பசிச்சவனுக்கு, தோல் சொந்தக்காரனுக்கு. யாரும் யாரையும் திருடன்னு சொல்லக்கூடாது, அதான் அங்க வழக்கம்."

"அலமாக்! அப்ப என் பசு ராணிய எவனாவது தின்னுட்டுத் தோல மாட்டிட்டுப் போனா, நான் தெரிமா காசேன்னு நன்றி சொல்லணுமா?"

"ஒளிச்சாத்தான் திருட்டு. காட்டிட்டுப் போனா அது பசிலா."

ராணி அந்த நேரம் பார்த்துத் தலையை ஆட்டிக் கழுத்து மணியைக் குலுக்கினாள். தைப்பூசக் கடையில் நான் வாங்கிக் கட்டிய வெண்கல மணி. "பாரு, அவளுக்குச் சம்மதமில்ல" என்றீர்கள்.

பிறகு உங்கள் வீட்டுக்காரர் காலமானார். பிள்ளை இல்லை. பத்து பாகாட் டவுனில் தையல் ஆலையில் வேலை செய்யும் உங்கள் தங்கச்சி மகள் ஒருத்திதான் உறவு. ஓட்டல் வேலையை விட்டீர்கள். பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். நன்றாகச் சாப்பிடாவிட்டால் உடம்பு மருந்தைத் தாங்காது என்று டாக்டர் சொன்னதை உங்கள் தங்கச்சி மகள் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் உங்கள் அடுப்பு எரிகிற நாள் குறைந்துகொண்டே வந்தது. என் வீட்டுப் பின்வாசலில் நின்றால் உங்கள் புகைக்கூண்டு தெரியும். பால் வாங்குவதையும் நிறுத்தினீர்கள். "பால் எனக்கு ஒத்துக்கல" என்றீர்கள். அது பொய் என்று ராணிக்குக்கூடத் தெரியும்.

கஞ்சி காய்ச்சி மகனிடம் கொடுத்தனுப்பினேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் திரும்பி வந்தது. தோசை அனுப்பினேன், அதுவும் வந்தது. நானே கொண்டுவந்து நீட்டினேன்.

"எங்கம்மா யார் வாசல்லயும் கையேந்தி நின்னதில்ல. எனக்கு யாரும் படியளக்க வேணாம், பாக்கியம்."

நீங்கள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கஞ்சிப் பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர், "என்னா, வாயடச்சுப் போச்சா?" என்று கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். உங்கள் சேலை இடுப்பில் நிற்காமல் நழுவுவதை நான் பார்த்திருந்தேன். கெஞ்சினால் நீங்கள் இன்னும் இறுகுவீர்கள். அதட்டினால் கதவைச் சாத்துவீர்கள். உங்கள் வழியாகவேதான் உங்களிடம் வரவேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் அரிவாளும் சாக்குமாக உங்கள் வாசலுக்கு வந்தேன்.

"அக்கா, அந்த வழிப்போக்கன் கதையத் திரும்பச் சொல்லுங்க. மறந்துட்டேன்."

சந்தேகமாகப் பார்த்தீர்கள். ஆனால் கதை என்றால் உங்களுக்கு இருப்புக் கொள்ளாது. சொன்னீர்கள்.

"அவனுக்கு மானம் இல்லியாக்கா? அடுத்தவன் மாட்டத் திங்கிறான்."

"தோல மாட்டிட்டுப் போறானே, அதான்டி அவன் மானம்."

"சரி. நாளையிலேருந்து என் கொட்டகையில கஞ்சி இருக்கும், பால் இருக்கும். நான் குடுக்கல. உங்களுக்குன்னு வைக்கல. அது பாட்டுக்கு மேயும்."

"கஞ்சி மேயுமா?"

"எங்க கொட்டகையில மேயும்லா."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள், வலியோடு. பிறகு சிரிப்பு நின்றது. வேலியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். கெட்டிக்காரி நீங்கள், என் சூழ்ச்சி புரியாமலா இருந்திருக்கும்?

"தோல்?" என்று கேட்டீர்கள்.

"எதையாவது மாட்டுங்க. குறி தெரியணும்."

அன்று மாலை உங்கள் வீட்டிலிருந்து துணி கிழிகிற சத்தம் கேட்டது. மறுநாள் பால் ஊற்றிவிட்டு வந்து பார்த்தேன். பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. வேலியில், லயத்துப் பாதையில் போகிறவர்கள் கண்ணில் படும் பக்கமாக, ஒரு நீலத் துணித் துண்டு. கொட்டகைக்குள்ளே ஒளிவாகக் கட்டியிருக்கலாம், நீங்கள் கட்டவில்லை. ஓட்டல் சீருடை அக்கா அது. கசங்கவிடாமல் வைத்திருந்தீர்களே, அதைக் கிழித்திருந்தீர்கள். ராணியின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நான் அழுததை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. நீங்கள் கேலி செய்வீர்கள் என்று பயம்.

அதற்குப் பிறகு வேலி பூத்துக் குலுங்கியது. பாலுக்கு ஒன்று, கஞ்சிக்கு ஒன்று, ஒரு நாள் என் மீன் குழம்புக்கு ஒன்று. மீன் குழம்பு மேய்கிறது என்று நான் சொல்லவே இல்லை, அடுப்படி வரை வந்து எடுத்திருக்கிறீர்கள். தோலெல்லாம் எனக்குத்தானே சொந்தம், ஆனால் அவிழ்க்க மனம் வரவில்லை. உங்கள் கன்னத்தில் கொஞ்சம் சதை ஏறியது. செம்பனைக் காற்றில் நீலம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அங்கேதான் வந்தது வினை. ஒரு நாள் உங்கள் துண்டுகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கயிறு. அடுத்த நாள் வேலிக்காலின் அடியில் எலுமிச்சம்பழம், சூடம். யாரோ அதைப் புதுக் கோயில் என்று நினைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து லயத்துப் பெண்கள் வேண்டுதலுக்குத் துணி முடியத் தொடங்கினார்கள். மளிகைக் கடைச் சீன முதலாளி, நம் தௌகே, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஊதுபத்தி மூன்றைக் கொளுத்தி வேலியைக் கும்பிட்டு, என்னிடம் லாட்டரிக்கு நம்பர் கேட்டார்.

நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "ஐயோ ஆண்டவரே, மெழுகுவத்தி ஏத்துறவ நான். என் கிழிஞ்ச யூனிஃபாமுக்குச் சூடம் காட்டுறாங்களேடி!"

"நம்பர் கேக்குறாருக்கா, குடுங்க. உங்க சந்நிதிதானே?"

"கஞ்சி குடிச்சதுக்கு நம்பர் இல்லன்னு சொல்லு."

அவர் அதை நம்பவில்லை. ராணியின் காதில் மாட்டியிருந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். விழவில்லை. அடுத்த வாரம் எனக்குத் தவிட்டு மூட்டையை முகம் கொடுக்காமல் தூக்கிப் போட்டார். அன்றைக்குச் சாயங்காலம் நாம் இரண்டு பேரும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சிரித்த சிரிப்பை ஒரு புட்டியில் அடைத்து வைக்க முடிந்திருந்தால், வேண்டிய போது மூடியைத் திறந்து மோந்திருப்பேன்.

ஆனால் கட்டி மறுபடியும் வளர்ந்தது.

நான் பால் ஊற்றப் போயிருந்த காலையில் உங்கள் தங்கச்சி மகள் வந்து உங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். திரும்பி வந்தபோது உங்கள் கதவு பூட்டியிருந்தது. கொட்டகை என்னவோ போலிருந்தது. என்ன என்று பிடிபடவில்லை. ராணி தலையை ஆட்டினாள், சத்தம் வரவில்லை. கழுத்தில் மணி இல்லை. அவளைக் கட்டும் தூணில் ஒரு நீலத் துண்டு, இரட்டை முடிச்சு போட்டு.

அன்று பிற்பகலே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டைத் தேடவேண்டி வரவில்லை. மின்தூக்கியை விட்டு இறங்கியதுமே ராணியின் மணிச் சத்தம் கேட்டது. நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார். "ஆண்ட்டி, இது ஹாஸ்பிட்டல்லா, மாட்டுக் கொட்டா இல்ல!"

"பொத்தான அமுக்குனா ஒருத்தரும் வர்றதில்ல. மணி அடிச்சா நாலு பேரு ஓடி வர்றீங்க" என்றீர்கள் நீங்கள். என்னைப் பார்த்ததும் மணியைத் தலையணைக்கு அடியில் தள்ளினீர்கள். "எடுத்தேன். கட்டிட்டுத்தான் வந்தேன். வழக்கப்படி சரி."

"ராணி தேடுறாக்கா."

"நானுந்தான்" என்றீர்கள். குரல் இறங்கியிருந்தது. "அந்தச் சத்தம் கேட்டுத்தாண்டி எனக்கு விடியும். இங்க எப்ப விடியுதுன்னே தெரியல."

தினமும் கஞ்சி கொண்டுவந்தேன். நீங்களே கரண்டி பிடித்துக் குடிப்பீர்கள். குடித்து முடித்ததும் கைப்பையிலிருந்து ஒரு நீலத் துண்டை எடுத்துக் கட்டில் கம்பியில் கட்டுவீர்கள். மிஸ்ஸிகள் அவிழ்த்து அவிழ்த்துப் போடுவார்கள். ஒரு நாள் கை கரண்டியைத் தூக்கவில்லை. நான் எடுத்தேன். நீங்கள் வாயை மூடிக்கொண்டு பையைக் கண்ணால் காட்டினீர்கள். திறந்து பார்த்தேன். செபமாலையும் சீப்பும்தான் இருந்தன.

"துணி தீந்து போச்சுடி."

"வேணாம்க்கா. யாரு கேட்டா?"

நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். கரண்டி என் கையில் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா யார் வாசலிலும் நின்றதில்லை என்று சொல்லப்போகிறீர்கள், கஞ்சியைக் கொட்டிவிட்டுப் போகவேண்டியதுதான் என்று நினைத்தேன். நீங்கள் மெதுவாக முகத்தைத் திருப்பினீர்கள்.

"அப்ப சும்மா குடு" என்றீர்கள். வாயைத் திறந்தீர்கள்.

அக்கா, எனக்கு யார் யாரோ என்னென்னவோ கொடுத்திருக்கிறார்கள். அந்த மூன்று சொல்லுக்கு ஈடாக எதுவும் இல்லை. அன்று நீங்கள் கிண்ணம் காலியாகும் வரை குடித்தீர்கள். வேலியில் எதுவும் பறக்கவில்லை.

உங்களைப் பெட்டியில் வைத்த அன்று உங்கள் தங்கச்சி மகள் மணியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "ஆண்ட்டி, இது உங்களோடதாம்ல?" நான் வாங்கிக்கொள்ளவில்லை. கறி பசித்தவருக்கு. செபமாலை சுற்றிய உங்கள் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஃபாதர் என்ன இது என்பது போலப் பார்த்தார். "அவங்களுக்கு விடியணும் ஃபாதர்" என்றேன். அவர் தலையசைத்து விட்டுவிட்டார். பெட்டியைத் தூக்கும்போது உள்ளே ஒரு தடவை மணி சிணுங்கியது. அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திடுக்கிட்டு நின்றார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. முந்தானையால் மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள். வீட்டுக்கு வந்து தூணிலிருந்த நீலத் துண்டை அவிழ்த்தேன். தோல் சொந்தக்காரிக்கு. அது இன்றைக்கும் என் சாமிப் படங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போது இந்தச் சிவப்பு நாடா. இங்கே வீடுகள் வரப்போகின்றன, நமக்கு இல்லை. அளந்தாங்க என்று நீங்கள் சொன்ன அதே குரலில் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மாடுகளைப் பத்து பாகாட் பக்கம் ஒருவர் வாங்கிக்கொள்கிறார், ராணியின் பேத்தியும் போகிறாள். மகன் பெர்மாஸ் ஜெயாவில் அடுக்குமாடி வீடு எடுத்திருக்கிறான். லிஃப்ட்டில் மாடு ஏறக்கூடாதாம், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

உங்கள் வீட்டுக் கூரை இறங்கிவிட்டது. ஆனால் பின்பக்கத்தில் நீங்கள் வைத்த கறிவேப்பிலை மரம் நிற்கிறது. அடியில் கன்று கன்றாக முளைத்துக் கிடக்கிறது. நேற்று வேலியைத் தாண்டிப் போய் ஒரு கன்றை வேரோடு எடுத்துப் பெயின்ட் டின்னில் வைத்தேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை. எடுத்துக்கொண்டு நாலு அடி நடந்தவள் நின்றேன். வெறுமனே போக முடியவில்லை. உங்கள் நீலத்தைக் கட்ட முடியாது, அது உங்கள் குறி. அதனால் போட்டிருந்த நைட்டியின் ஓரத்தைக் கிழித்தேன். ஆரஞ்சுப் பூப்போட்டது, நீங்கள் பார்த்திருந்தால், இதைப் போட்டுக்கொண்டு வெளியிலா வந்தாய் என்று கேட்டிருப்பீர்கள். உங்கள் வாசல் இருந்த இடத்தில் ஒரு முளைக்குச்சி நின்றது. அதில் சிவப்பு நாடாவுக்கு மேலே, பாதையில் போகிறவர்களுக்குத் தெரியும்படி, இரட்டை முடிச்சு போட்டுக் கட்டினேன்.

அளவைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, மக்சிக் என்று மரியாதையாக அழைத்து, இது என்ன என்று மலாயில் கேட்டார்.

மாட்டுத் தோல் என்று சொன்னேன். நான் சிரிக்காமல் சொன்னதால் அவரும் சிரிக்கவில்லை, அவிழ்க்கவும் இல்லை.

கன்று மாடி வெயிலில் பிழைக்குமா என்று தெரியவில்லை. பிழைத்தால் குழம்பில் உங்கள் வாசனை இருக்கும். நைட்டித் துண்டு அந்தக் குச்சியில்தான் இருக்கிறது, குச்சியைப் பிடுங்கும்வரை இருக்கும். குறி நன்றாகத் தெரிகிறது. வந்து எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, தோல் உங்களுடையது.